கேட்டுச் சொல்லுதேன்

புனேயின் வானவடிப் பகுதியில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் கர்னல் அக்காவுக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டு. தரைத்தளத்தில் திரிந்த பழுப்புப் பூனை ஒன்று. அவருடைய சொந்தக் கார் இன்னொன்று. மற்ற எல்லோரும் பயந்தோம். வண்டியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துகிறவர்கள், பால்கனியிலிருந்து குப்பையை உதறுகிறவர்கள், தண்ணீர் லாரிக்காரர், குடியிருப்போர் சங்கமான சொஸைட்டியின் செயலாளர் எல்லோரும்.

ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக வேலை பார்த்து லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, எப்போதும் இஸ்திரி கலையாத பருத்திச் சட்டை. அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் கர்னல் மேடம். நான் தமிழ்க்காரி என்பதால் எனக்கு மட்டும் அக்கா. குடிவந்த புதிதில் லிஃப்டில் நான் அம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "கோயமுத்தூரா?" என்றார். ஆமாங்க என்றேன். "நான் பாளையங்கோட்டை. தண்ணி வரலைன்னா என் வீட்டுல வந்து பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாடியில் இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கும் பெயர் போய்விட்டது. அவருக்கு நான் 'கோயமுத்தூரு'.

ஒருமுறை எதிர் பிளாக்கில் ஒரு பெரியவர் படிக்கட்டில் விழுந்து, மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தார். சுற்றி நின்றவர்கள் அவரைத் தூக்கலாமா கூடாதா என்று விவாதித்துக்கொண்டிருந்தபோது கர்னல் அக்கா வந்தார். ஒருவரை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னார், ஒருவரை கேட்டைத் திறந்துவைக்கச் சொன்னார், மற்ற எல்லோரையும் பத்தடி தள்ளிப் போகச் சொன்னார். பிறகு தரையில் மண்டியிட்டு அந்தப் பெரியவரின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். அவர் வீட்டார் இனிப்புடன் வந்தபோது, படிக்கட்டில் கைப்பிடி சரியாக இல்லை, அதை முதலில் சரி செய்யுங்கள் என்று திட்டி அனுப்பினார்.

இப்படிப்பட்டவர், தன் சொந்தக் காரியம் எதையும் தானாக முடிவு செய்ய மாட்டார் என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

"கேட்டுச் சொல்லுதேன்" என்பார். மராத்தியில் "விசாரூன் ஸாங்கதே." ஹிந்தியில் "பூச்கே பதாதி ஹூங்." எந்த மொழியானாலும் அதே பதில். சமையலறைக் குழாயைப் புதிதாக மாற்றவா, பழையதையே பழுது பார்க்கவா என்று குழாய்க்காரர் கேட்டால், கேட்டுச் சொல்லுதேன். வரவேற்பறைத் திரைச்சீலைக்கு நீலமா சந்தன நிறமா என்று கடைக்காரர் கேட்டால், கேட்டுச் சொல்லுதேன். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்படி டாக்டர் சொன்னபோதும் அதையேதான் சொல்லியிருக்கிறார். டாக்டர் சிரித்துக்கொண்டு, நீங்கள் எத்தனை பேருக்கு ஆபரேஷன் தியேட்டரில் உதவியவர், உங்களுக்கு இதில் யாரைக் கேட்க வேண்டும் என்றாராம். இவர் சிரிக்கவில்லையாம்.

அடுத்த வாரம் பதில் வந்துவிடும். நீலம். பழைய குழாயே போதும். முழங்கால் இப்போது வேண்டாம்.

யாரைக் கேட்கிறார்? அடுக்ககத்தில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். ராணுவத்தில் பெரிய பதவியில் இருக்கும் அண்ணன் என்றார்கள் சிலர். ஜோசியர் என்றார் செயலாளர். தமிழ் தெரிந்ததால் எனக்கு மட்டும் ஒரு துப்பு கிடைத்திருந்தது. ஹிந்தியில் அவர் 'உன்ஹோனே கஹா', அதாவது அவர் சொன்னார், என்று சொல்லும்போது அந்த ஆள் ஆணா பெண்ணா என்று தெரியாது. என்னிடம் பேசும்போது, "வேண்டாம்னுட்டா" என்பார். ஆக, அது ஒரு பெண். அவரைவிட மூத்தவளும் இல்லை.

ஒருமுறை அவரைச் சொஸைட்டித் தலைவராக்க வேண்டும் என்று எல்லோரும் போய்க் கேட்டோம். வழக்கம்போல் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை என்னை மாடிப்படியில் பார்த்து, "மழை வரும்னுட்டா. அதனால வேண்டாம்" என்றார். மழைக்கும் தலைவர் பதவிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

அவருடைய காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. கரும்பச்சை நிறம். மேலே துணிக்கூரை, வேண்டுமென்றால் மடித்துக்கொள்ளலாம். தரையோடு தரையாகக் கிடக்கும். உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் போகும் ஆட்டோவின் அச்சு தெரியும். அதன் அழகே அதன் சக்கரங்கள்தான் என்பார்கள் வண்டி தெரிந்தவர்கள். அந்தக் காலத்திலேயே தொழிற்சாலையிலிருந்து, லேசான கலப்பு உலோகத்தில் வார்த்த அலாய் வீலுடன் வந்த கார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அது இருமி, செருமி, புகை கக்கி, பிறகு பெரிய சத்தத்துடன் கிளம்பிப் போகும். மாலையில் திரும்பும். எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மழைக்காலத்தில், தண்ணீர் நிறைந்து கிடந்த ஒரு பள்ளத்தில் அதன் முன்சக்கரம் இறங்கிவிட்டது. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அலாய் ரிம்மின் உட்புற விளிம்பில் விரல் நீளத்துக்கு விரிசல். கேம்ப் பக்கம் கராஜ் வைத்திருந்த ஒரு மராத்திக்காரர் வந்து பார்த்தார். பழைய கார்கள் என்றால் உயிர் அவருக்கு. விரிசலில் வெல்டிங் வைக்கலாம், ஆனால் வேகமாகப் போகும்போது அதை நம்ப முடியாது என்றார். அதே மாதிரி ஒற்றைச் சக்கரம் எங்கும் கிடைக்காது என்பதால் நான்கையும் மாற்றிவிட வேண்டியதுதான் என்றார். தன் கைப்பேசியில் படம் படமாகக் காட்டினார். அவருக்குப் பிடித்தது பெரிய கறுப்புச் சக்கரம். போட்டால் கார் புலி மாதிரி இருக்கும் என்றார். அடுத்தது பொன்னிறத்தில் வலைப்பின்னல் போட்டது. மூன்றாவது வெள்ளி நிறத்தில் ஐந்து கைகள் விரித்த சாதாரணச் சக்கரம். பழையதற்குக் கிட்டத்தட்ட நெருங்கியது அதுதான்.

நான் அப்போது பக்கத்தில் நின்றிருந்தேன். கர்னல் அக்கா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளிச் சக்கரத்தின் மேல் அவர் கண் நின்றதை நான் கவனித்தேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த முறை அடுத்த வாரம் பதில் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஜாக்கியின் மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கார் உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. கணபதி பந்தல்கள் போட்டுப் பிரித்து, மழைக்காலமும் முடிந்துவிட்டது. கராஜ்காரர் போன் செய்து அலுத்துப்போனார். கறுப்புச் சக்கரத்தை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள், மற்ற இரண்டும் போவதற்குள் சொல்லுங்கள் என்றார். ஞாயிறு காலைகளில் கர்னல் அக்கா ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போவதைப் பார்த்தேன். திரும்பும்போது தோள் தொங்கிப்போய் வருவார். பூனையைக்கூட அதட்டுவதில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். "நாளைக்கு உனக்கு வேலை இருக்கா?" என்றார். இல்லீங்கக்கா என்றேன். "தளேகாவ் வரை வரணும். ரெண்டு சாமான் தூக்கணும். என்னால ரெண்டையும் தூக்க முடியாது."

சாமான் என்றது அலாய் வீலை. படத்தைக் காட்டிக் கேட்டதில் பதில் வரவில்லையாம். கராஜ்காரரிடம் மாதிரிக்கென்று பொன்னிறத்தில் ஒன்றும் வெள்ளியில் ஒன்றும் கேட்டு வாங்கி, இரண்டு கோணிப்பையில் போட்டு வைத்திருந்தார். வெள்ளியை நான் சுமந்தேன். டயர் இல்லாத வெறும் ரிம் அவ்வளவு கனமில்லைதான். ஆனால் லோனாவளா லோக்கலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மடியில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுலபமில்லை. எதிரே இருந்த அம்மாள், இது என்ன, இட்லிப் பானையா என்று மராத்தியில் கேட்டார். கர்னல் அக்கா சக்கரம் என்றார். வண்டி எங்கே என்றார் அந்த அம்மாள். "அது வீட்டில் இருக்கிறது. இதை ஒருவரிடம் காட்டக் கொண்டுபோகிறோம்" என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். அந்த அம்மாள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பயணத்தில்தான் அவர் சொன்னார், சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. காரை அவர் தனியாக வாங்கவில்லை. அவரும், அவருடன் வேலை பார்த்த இன்னொரு நர்ஸும் சேர்ந்து வாங்கினார்கள். சாதாரா பக்கத்து மராத்திப் பெண். இரண்டு பேரும் எங்கெங்கோ மாற்றலாகிப் போனார்கள், சில வருடங்கள் ஒரே ஊரில், சில வருடங்கள் ஆளுக்கொரு மூலையில். விடுமுறை கிடைத்தால் புனேவுக்கு வந்து காரை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் சுற்றுவார்கள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் வானவடியில் அந்த வீட்டை வாங்கிச் சேர்ந்து இருந்தார்கள். சில வருடங்களில் சிநேகிதிக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார். பிறகு அடுப்பை. பிறகு, ஒருநாள் அக்கா கடைக்குப் போய்விட்டு வந்தபோது, நீங்கள் யார் என்று கேட்டுக் கதவைத் திறக்க மறுத்துவிட்டார். தளேகாவில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. ஒரு நர்ஸாக அங்கே சேர்ப்பதுதான் சரி என்று தெரியும் என்றார். "அதை மட்டும் அவளைக் கேக்காம செய்தேன்" என்றார்.

இல்லம் சிறியதாக, சுத்தமாக இருந்தது. ஓட்டு வராந்தா, சுற்றிலும் அசோக மரங்கள், அவற்றுக்கு வெளியே ஒரு வட்டப் பாதை. எங்களைப் பார்த்ததும் அங்கே வேலை பார்க்கும் பெண் ஓடிவந்து அக்காவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். கார் இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டாள். முன்பெல்லாம் கேட் பக்கம் அந்தக் காரின் சத்தம் கேட்டவுடன் அக்காவின் சிநேகிதி தானாக எழுந்து வராந்தாவுக்கு வந்துவிடுவாராம். வேறு எதற்கும் எழுந்திருப்பதில்லை. கார் வராததிலிருந்து அறையை விட்டு வரச் சம்மதிப்பதே இல்லையாம்.

அக்கா நேராக அறைக்குள் போனார். எனக்குத்தான் சுருக்கென்றது.

சிநேகிதி மெலிந்த, நல்ல நிறமான பெண்மணி. நெற்றியில் சின்னப் பொட்டு. கட்டிலோரம் உட்கார்ந்து புடவைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அக்காவைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்தும் அதே அளவுதான் சிரித்தார். ஆங்கிலமும் ஹிந்தியும் அவரை விட்டுப் போய்விட்டன என்று அக்கா சொல்லியிருந்தார். மிச்சமிருந்தது ஊர்ப்பக்க மராத்தி மட்டும், அதிலும் சில வார்த்தைகள்.

அக்கா இரண்டு சக்கரங்களையும் பையிலிருந்து எடுத்துத் துடைத்து, அவர் முன்னால் தரையில் படுக்க வைத்தார். அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார், அந்த முழங்கால் வலியோடு. பிறகு, மேலதிகாரியிடம் அறிக்கை சொல்வது போலத் தெளிவாக, நிதானமாக, மராத்தியில் எல்லாவற்றையும் விளக்கினார். பழைய சக்கரத்தில் விரிசல் விழுந்துவிட்டது. நான்கையும் மாற்ற வேண்டும். இது பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் வலைப்பின்னலில் சேறு புகுந்தால் கழுவுவது கஷ்டம். இது சாதாரணமானது, ஆனால் நம் பழையதைப் போலவே இருக்கும். உனக்கு எது?

சிநேகிதி அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பணிப்பெண் டீ கொண்டுவந்து கொடுத்தாள். சிநேகிதி இரண்டு மிடறு குடித்தார். கப்பை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, பொன்னிறச் சக்கரத்தின் நடுவில் கவனமாக வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பவும் புடவைத் தலைப்பை எடுத்துக்கொண்டார்.

"இதாம்னுட்டா" என்றார் கர்னல் அக்கா என்னிடம்.

திரும்பும்போது தளேகாவ் பிளாட்பாரத்தில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். பைகள் இரண்டும் எங்கள் காலடியில். எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன். "அக்கா, அவங்களுக்குப் புரிஞ்சுதான் சொல்றாங்களா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பையின் வாயைக் கட்டிய கயிற்றை இறுக்கிக்கொண்டே பேசினார்.

"புரியலைன்னு எனக்குத் தெரியாதாட்டி? நான் நர்ஸுல்லா. திரைச்சீலைத் துணியைக் காட்டினேன், நீலத்தை எடுத்து மூக்கைத் துடைச்சா. அதான் நீலம். தலைவரா இருக்கவான்னு கேட்டேன், மழை வரும்னா. எல்லாம் தெரியும்."

"அப்புறம் ஏனுங்க்கா?"

"அந்த வீட்டுல பாதி அவளுக்கு. கார்ல பாதி அவளுக்கு. அவளைக் கேக்காம நான் ஒரு ஸ்பூனுகூட வாங்கினதில்ல, அவளும் அப்படித்தான். இப்பம் அவ பதில் சொல்லலைங்கதுக்காக நான் கேக்கதை நிறுத்திட்டேன்னு வையி. அன்னைக்குத்தான் அவ இல்லாமப் போவா."

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். சின்ச்வட் தாண்டியதும் நான் மெல்லச் சொன்னேன். அந்தப் பெண் சொன்னதைக் கேட்டீர்களே, கார் போகாததால்தான் அவர் வெளியே வருவதில்லை, சக்கரத்தைச் சீக்கிரம் மாட்டிவிடலாமே என்றேன். ம் என்றார்.

மறுநாளே காரை இழுத்துக்கொண்டுபோய்க் கராஜில் விட்டார். பொன்னிறச் சக்கரம் ஒன்றை டயர் போட்டுப் பரிசோதனைக்காக முன்னால் மாட்டினார்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினால் டயர் உள்ளே ஒரு கம்பியில் உரசியது. கராஜ்காரர் கீழே படுத்துப் பார்த்தார். நடுவில் வளையம் கொடுத்து வெளியே தள்ளிப் பார்த்தார், அப்போது மட்கார்டில் உரசியது. ஏதாவது செய்து பொருத்திவிடலாம் என்றுதான் அவருக்கு ஆசை. மட்கார்டின் உள்விளிம்பைக் கொஞ்சம் மடக்கிவிட்டால் போதும் என்றார். அக்காவே குனிந்து, கையால் சக்கரத்தைச் சுற்றி, உரசும் இடத்தைப் பார்த்தார். மலைப்பாதைத் திருப்பத்தில் இது எப்படி இருக்கும் என்று அவர் கண்முன்னால் ஓடியிருக்க வேண்டும். வெள்ளிச் சக்கரத்தை மாட்டச் சொன்னார். அது எங்கும் தொடாமல் சுற்றியது.

இதில் இனி என்ன இருக்கிறது என்று கராஜ்காரர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கழித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அந்த ஞாயிறு தனியாகத்தான் தளேகாவ் போனார். சாயங்காலம் நான் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது, கார் இல்லாத அந்தக் காலி இடத்தில், ஜாக்கி வைத்திருந்த கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். பூனை அவர் காலில் உரசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன சொன்னாங்க்கா?"

"தூங்கிட்டா. அவ சொன்னது பொருந்தலைன்னு சொல்லத்தான் போனேன். போற நேரம் தூக்கம். ரொம்ப நேரம் இருந்து பாத்தேன். எந்திரிக்கல." பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "கராஜுக்குப் போன் போட்டு வெள்ளின்னு சொல்லிட்டேன்."

நல்லதுங்க்கா என்றேன்.

"கேக்காம செய்தாச்சு" என்றார். அதை அவர் சொன்ன விதத்தை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். விளக்கு போடும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

அதற்குப் பிறகு நான் புனேயில் ஒரு வருடம்தான் இருந்தேன். நான் வேலை பார்த்த விமான் நகர் அலுவலகத்தில் எங்கள் பிரிவைக் கோவைக்கு மாற்றினார்கள், நாங்களும் ஊர் திரும்பினோம். அதன்பின் வந்த மழைக்காலத்தில் அந்தச் சிநேகிதி இறந்துபோனார் என்று அக்கா போனில் சொன்னார். காரை விற்றுவிடலாமே என்று பலரும் கேட்கிறார்களாம், மாட்டேன் என்கிறாராம். கடைசியாகப் பேசியபோது முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நடைப்பயிற்சியில் இருப்பதாகச் சொன்னார். அதையெல்லாம் விட, நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு காலைப்பொழுதைத்தான் அவரை நினைக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

புதுச் சக்கரங்களை மாட்டிய கையோடு வந்த முதல் ஞாயிறு அது. கோயமுத்தூரு, நீயும் வா என்றார். சிநேகிதியின் இடத்தில் நான் உட்கார்ந்தேன். துணிக்கூரையை மடித்துவிட்டார். வெள்ளிச் சக்கரங்கள் வெயிலில் மின்ன, பழைய நெடுஞ்சாலையில் காற்று முகத்தில் அறைய, அவர் ஓட்டிய ஓட்டில் நான் கதவை இறுகப் பற்றியிருந்தேன். லாரிகளை முந்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இல்லத்தின் கேட்டுக்குள் நுழைந்ததும் எஞ்சினை வேண்டுமென்றே உறுமவிட்டார். வராந்தாவையே பார்த்தார். இன்னொரு முறை உறுமவிட்டார். யாரும் வரவில்லை. பணிப்பெண் மட்டும் வெளியே வந்து, தயக்கத்துடன் கையை விரித்தாள். சத்தம் கேட்டும் எழவில்லை என்று அர்த்தம். அக்கா எஞ்சினை அணைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் அவர் திரும்பிப் போகிற ஆள் இல்லை. உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சிநேகிதியை அணைத்துப் பிடித்தபடி, அடிமேல் அடி வைத்து அழைத்து வந்தார். சால்வையைப் போர்த்தி, காரில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டினார். புதுச் சக்கரத்தைக் காட்டி மராத்தியில் ஏதோ சொன்னார். சிநேகிதி குனிந்துகூடப் பார்க்கவில்லை. காரில் இருப்பதே அவருக்குத் தெரிகிறதா என்று எனக்குச் சந்தேகம். நான் கேட் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

அசோக மரங்களைச் சுற்றிய அந்த வட்டப் பாதையில் கார் மெதுவாக ஒரு சுற்று வந்தது. சிநேகிதி மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். இரண்டாவது சுற்றில், கேட்டுக்கு முன்னால் இருந்த நேரான துண்டில், பழக்கத்தில் அக்காவின் கால் கொஞ்சம் அழுத்திவிட்டது. கார் ஒரு துள்ளுத் துள்ளி வேகமெடுத்தது.

சிநேகிதியின் கை சட்டென்று நீண்டு முன்பலகையைப் பிடித்தது. தலையைத் திருப்பாமல், அலுப்போடு, பலமுறை சொல்லிச் சலித்துப்போன குரலில் சொன்னார்.

"ஏட்டி, மெல்லப் போ."

எனக்கு நாலடி தூரத்தில் கேட்டது. மராத்தி இல்லை. பாளையங்கோட்டைத் தமிழ். அவருக்குத் தமிழ் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. அந்த ஒரு வாக்கியம்தான் தெரியுமோ என்னவோ. எத்தனை மலைப்பாதைகளில், எத்தனை திருப்பங்களில், யாரிடம் கற்று யாரிடம் சொன்னதோ.

கார் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கர்னல் அக்கா இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். நான் யார் தெரிகிறதா என்று கேட்பார், ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். எதுவும் கேட்கவில்லை.

"சரிட்டி" என்றார்.

கியரைப் போட்டார். கார் நகர்ந்தது. பக்கத்தில் ஒருவர் நடந்து வந்தால் முந்திப் போய்விடலாம், அவ்வளவு மெதுவாக. சிநேகிதியின் கை முன்பலகையிலிருந்து இறங்கி மறுபடியும் மடிக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த சுற்றில் கார் என்னைக் கடந்தபோது கர்னல் அக்காவின் கன்னம் நனைந்திருந்தது. அதைத் துடைக்க அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பணிப்பெண் வராந்தாவில் நின்று சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கையசைத்தாள். அவர் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, இன்னொரு சுற்றுக்குத் திரும்பினார்.